தாத்தாவின் கேஸ் ஃபைலும் ஒரு கழித்தல் கணக்கும்



போன பதிவில் கூட்டுறவுச் சங்கத்து பாலன்ஸ் ஷீட்டைப் பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரே கிண்டல். அதனால் இந்தத் தடவை காமர்ஸ் இல்லை. ஆனால் கணக்கு உண்டு. பயப்படாதீர்கள், மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்குதான் :-)

போன மாதம் ஆயா எதையோ தேடச் சொல்லிப் பரணில் ஏறினேன். தேடியது கிடைக்கவில்லை. தாத்தாவின் ஆஸ்பத்திரி ஃபைல் கிடைத்தது. எட்டு வருடத்துக்கு முன் தாத்தாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். நான் அப்போது எட்டாம் வகுப்பு. வேறு ஊரில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, சொல்லி ஆகப்போவதும் ஒன்றும் இல்லை. ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் உள்ளே தைத்த இடம் கசிந்தது. பத்தொன்பதாம் நாள் தாத்தா போய்விட்டார்.

அந்த ஃபைலைச் சும்மா புரட்டினேன். முதல் நாள் ஓ.பி. சீட்டில் எடை 58 கிலோ என்று இருந்தது. நான்கு மாதம் கழித்து, மயக்க மருந்து டாக்டர் எழுதிய தாளில் எடை 46 கிலோ. இரண்டுக்கும் நடுவில் சுமார் நாற்பது தாள்கள். ஸ்கேன், ரத்தம், ஈ.சி.ஜி., கையெழுத்து வாங்கிய படிவம் எல்லாம் இருந்தன. ஆனால் 58-இல் இருந்து 46-ஐ யாரும் கழித்துப் பார்த்ததாக எங்கேயும் தெரியவில்லை. 12 கிலோ. அதாவது உடம்பில் 20 சதவீதத்துக்கு மேல்.

எங்கள் ஊரில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உறுத்தும். காஞ்சிபுரத்தில் பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். சேலையை நெய்து கொண்டுபோய்க் கொடுத்தால் அதையும் தராசில் வைப்பார்கள். கழிவு போகக் கணக்கு உதைத்தால் கேள்வி வரும். அப்படி ஐம்பது வருடம் கிராம் கிராமாகக் கணக்குக் கொடுத்த மனுஷன் என் தாத்தா. அவர் உடம்பில் 12 கிலோ குறைந்ததற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். ஆபரேஷன் செய்த டாக்டர் கெட்டவர் இல்லை. ஏழு மணி நேரம் நின்று செய்தார். வெளியே வந்து ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அப்படியானால் இது அவருக்குத் தெரியாதா? அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்குச் சாப்பாட்டைப் பற்றி என்ன தெரியும், எப்போதிலிருந்து தெரியும்? அதைத் தேடிப் படித்ததில்தான் இந்தப் பதிவு. நான் பி.காம். மாணவன், டாக்டர் இல்லை. தவறு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

அண்ணாவும் அதே உணவுக்குழாயும்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த நோய் புதிது இல்லை. நம் ஊரில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணாவுக்கு வந்ததும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்தான். 1968 செப்டம்பரில் நியூயார்க் போய், மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டாக்டர் மில்லரிடம் ஆபரேஷன் செய்துகொண்டார். நவம்பரில் திரும்பினார். 1969 பிப்ரவரி 3 அன்று காலமானார். அவர் நினைவாகத்தான் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. மற்ற உறுப்புகளில் வரும் கட்டி உடம்பை மெதுவாகத் தின்னும். உணவுக்குழாயில் வந்தால் முதலில் வழியையே அடைத்துவிடும். முதலில் சோறு இறங்காது, பிறகு இட்லி இறங்காது, கடைசியில் கஞ்சியும் தண்ணீரும்தான். அதாவது டாக்டரைப் பார்க்க வரும்போதே நோயாளி பல வாரம் பட்டினி.

அந்தக் காலத்து சர்ஜன்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 1849-இல் பிரான்சில் செடியோ என்ற சர்ஜன், வாய் வழியாகச் சாப்பிட முடியாதவருக்கு வயிற்றில் துளை போட்டு உணவு ஊற்றப் பார்த்தார். நோயாளி பிழைக்கவில்லை. 1881-இல் வியன்னாவில் பில்ரோத் முதன்முதலாக வயிற்றுப் புற்றுநோய்க் கட்டியை வெற்றிகரமாக வெட்டி எடுத்தார். 1913-இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் 67 வயதுப் பெண்ணுக்கு நெஞ்சிலிருந்த உணவுக்குழாயை எடுத்தார். உள்ளே மறுபடி இணைக்க அப்போது வழி இல்லை. அதனால் கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார். அந்தம்மா மென்று விழுங்கியது அந்தக் குழாய் வழியாக வயிற்றுக்குப் போனது. அப்படியே பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்!

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் மூக்கு வழியாகப் போடும் குழாயை 'ரைல்ஸ் ட்யூப்' என்பார்களே, அது ஜான் ரைல் என்ற லண்டன் மருத்துவரின் பெயர். 1921-இல் வந்தது. நூறு வருடம் தாண்டியும் நம் வார்டுகளில் அதே பெயர்தான்.

1936-லேயே கழித்துப் பார்த்தவர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

1936-இல் அமெரிக்காவின் க்ளீவ்லாண்டில் ஹைரம் ஸ்டட்லி என்ற சர்ஜன், வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். (புற்றுநோய் இல்லை, அல்சர்.) சிலர் ஏன் பிழைக்கிறார்கள், சிலர் ஏன் இறக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அவர் செய்தது ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். பழைய எடையிலிருந்து இப்போதைய எடையைக் கழித்து, பழைய எடையால் வகுத்து, சதவீதம் போட்டார்.

20 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். அதற்குக் கீழே குறைந்தவர்களில் இறந்தவர்கள் 3.5 சதவீதம்.

இதைப் படித்தபோது ஃபைலை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் மாடியில் போய் நின்றேன். தாத்தாவின் கணக்கு 20.7.

எடை குறைந்தால் என்ன ஆகிறது? காமர்ஸ் ஆளாக எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ஆபரேஷன் என்பது உடம்புக்குத் திடீரென்று வரும் பெரிய செலவு. காயம் ஆறவேண்டும், கிருமியோடு சண்டை போடவேண்டும், எல்லாவற்றுக்கும் புரதம் வேண்டும். வரவு இல்லை என்றால் உடம்பு தன் தசையை விற்றுச் செலவு செய்கிறது. கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் 1930-களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டினார். எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் அதிகமாகப் போவதை அளந்தார். தசை கரைந்து வெளியே போகிறது என்று அர்த்தம். மூச்சு இழுப்பதும் இருமிச் சளியைத் துப்புவதும் தசையின் வேலைதானே. கையிருப்பு இல்லாமல் ஆபரேஷனுக்குப் போனவருக்கு விற்க என்ன மிஞ்சும்?

கண்டுபிடித்ததும் அவர்களே, மறந்ததும் அவர்களே

வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பத்திரியில் உணவூட்டும் கலையை வளர்த்ததில் சர்ஜன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1960-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் சர்ஜன் பீகிள் நாய்க்குட்டிகளுக்கு வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் முழுச் சத்தையும் ரத்தக்குழாய் வழியாகவே கொடுத்து வளர்த்துக் காட்டினார். குடல் இல்லாத குறையோடு பிறந்த ஒரு குழந்தைக்கும் பிறகு அப்படிக் கொடுத்தார்கள். பெரிய சாதனை.

ஆனால் அதே காலத்தில் சாதாரண வார்டில் என்ன நடந்தது? 1974-இல் அமெரிக்காவின் அலபாமா மாகாணத்து டாக்டர் சார்லஸ் பட்டர்வொர்த் ஒரு கட்டுரை எழுதினார். 'ஆஸ்பத்திரி அலமாரிக்குள் ஒரு எலும்புக்கூடு' என்பது போலத் தலைப்பு. ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே, டாக்டர்கள் கண் முன்னாலேயே நோயாளிகள் பட்டினியால் மெலிகிறார்கள் என்றார். காரணங்களையும் பட்டியல் போட்டார். உயரம், எடை எழுதுவதில்லை. டெஸ்ட், டெஸ்ட் என்று வேளைச் சாப்பாட்டை நிறுத்துகிறார்கள். நாள்கணக்கில் வெறும் குளுக்கோஸ், உப்பு நீரிலேயே ஓட்டுகிறார்கள். நோயாளியின் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஐம்பது வருடத்துக்கு முந்திய, வேறு நாட்டுக் கட்டுரை. என் தாத்தாவின் ஃபைலைப் பார்த்து எழுதியது போல இருந்தது.

குளுக்கோஸ் என்றதும் ஒன்று. நம் வீடுகளில் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெம்பு வந்துடும்' என்பார்கள் இல்லையா? அரை லிட்டர் பாட்டிலில், 5 சதவீதக் கரைசல் என்றால், இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூட இல்லை. சுமாராக இரண்டு இட்லி. அதுவும் புரதம் இல்லாத இட்லி. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி புற்றுநோயாளிக்கு ஒரு நாளைக்கு, கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரி வேண்டும். புரதம் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை. 46 கிலோ தாத்தாவுக்குப் போட்டுப் பார்த்தேன். 1150 முதல் 1380 கலோரி, 46 முதல் 69 கிராம் புரதம். அவருக்கு இறங்கியது ஒரு நாளைக்கு நாலு டம்ளர் அரிசிக் கஞ்சி. எங்கள் தெருவில் பாவுக்குப் போடும் கஞ்சி அதைவிடக் கெட்டியாக இருக்கும்.

'லைட்டா குடுங்கம்மா'

ஆயாவிடம் கேட்டேன், "அப்போ டாக்டர் சாப்பாட்டப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா ஆயா?"

"கேட்டேன்டா. என்னா சார் குடுக்கறதுன்னு கேட்டேன். எது வேணாலும் குடுங்கம்மா, லைட்டா குடுங்கன்னாரு. அதான் கஞ்சி குடுத்தேன்."

பாவம், ஆயா சொன்னபடிதான் செய்தாள். 'லைட்டா' என்பதை அவள் தண்ணியாக என்று புரிந்துகொண்டாள். இறங்க வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்து வீட்டில் வேறு, "பாலு, முட்டையெல்லாம் குடுத்தா கட்டி வளந்துடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் நிறுத்தினாள்.

கட்டிக்குத் தீனி போடுகிறோம் என்ற பயம் பாமரர்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1914-இல் பேடன் ரௌஸ் என்ற பெரிய விஞ்ஞானி (பிறகு நோபல் பரிசு வாங்கியவர்) எலிகளுக்குத் தீனியைக் குறைத்தால் ஒட்ட வைத்த கட்டிகள் மெதுவாக வளர்வதைப் பார்த்தார். டாக்டர்களுக்கும் அந்தச் சந்தேகம் நெடுநாள் இருந்தது. ஆனால் மெலிந்த நோயாளிக்குச் சத்துக் கொடுத்ததால் கட்டி வேகமாக வளர்ந்தது என்பதற்கு மனிதர்களிடம் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்பதே இன்றைய வழிகாட்டுதல்களின் நிலை. மறுபக்கம், 1980-இல் அமெரிக்காவில் கீமோதெரபி எடுத்த 3000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்ததில், சிகிச்சைக்கு முன் எடை குறைந்தவர்கள் பொதுவாகக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. பட்டினி போட்டால் கட்டிக்கு முன்னால் மனிதன்தான் கரைகிறான்.

நியாயமாக மறுபக்கமும் சொல்லவேண்டும்

சர்ஜன்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் விஷயம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை.

டட்ரிக்கின் முறை வந்த பிறகு பலர் ஆர்வமாக எல்லோருக்கும் ரத்தக்குழாய் வழியாகச் சத்து ஏற்றினார்கள். 1991-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. ஆபரேஷனுக்கு முன் இப்படிச் சத்து ஏற்றியதில், மிகவும் மெலிந்தவர்களுக்கு மட்டுமே பலன். ஓரளவு மெலிந்தவர்களுக்குப் பலன் இல்லாதது மட்டுமில்லை, கிருமித் தொற்று அதிகமானது. பல சர்ஜன்களுக்கு இந்த விஷயத்தில் நம்பிக்கை விட்டுப்போனது. குடல் வேலை செய்கிறது என்றால் குடல் வழியாகவே கொடு என்பது இன்றைய பாடம்.

இன்னொன்று, புற்றுநோய் மெலிவு வெறும் பட்டினி இல்லை. கட்டி உடம்பில் ஒருவித அழற்சியைக் கிளப்பிவிடுகிறது, சாப்பிட்டாலும் தசை கரைகிறது. 2011-இல் எடின்பரோ சர்ஜன் கென்னத் ஃபியரன் தலைமையில் நிபுணர்கள் கூடி இதற்கு வரையறை தந்தார்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைவது முக்கிய அடையாளம். சாப்பாட்டால் மட்டும் இதை முழுமையாகத் திருப்ப முடியாது என்றும் சொன்னார்கள். ஆகவே 'நல்லா சாப்பிட்டிருந்தா தாத்தா பிழைச்சிருப்பார்' என்று நான் எழுத மாட்டேன். அது எனக்குத் தெரியாது. யாராலும் சொல்ல முடியாது.

பழைய பட்டினி வழக்கத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. 1946-இல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற டாக்டர், பிரசவத்தில் மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்ப் பெண்கள் ஆபத்துக்குள்ளாவதை எழுதினார். அந்தப் பயம் 'நள்ளிரவுக்கு மேல் ஒன்றும் கூடாது' என்ற வழக்கத்தை இறுக்கிவிட்டது. 1999-இல் அமெரிக்க மயக்கவியல் சங்கம், மற்றபடி நலமாக இருப்பவர்கள் தெளிந்த நீராகாரத்தை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்றது. டென்மார்க்கில் ஹென்ரிக் கேலட் என்ற சர்ஜன் 1990-களில் ஆபரேஷன் முடிந்தவரைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவிட்டு, சீக்கிரம் சாப்பிட வைத்தார். நார்வேயில் 2008-இல் வெளிவந்த பரிசோதனையில், வயிறு, கல்லீரல், கணையம் போன்ற பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கு மறுநாளே விரும்பியதைச் சாப்பிட விட்டார்கள். சிக்கல் ஒன்றும் கூடவில்லை.

ஆக அறிவு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது படுக்கை வரை வருகிறதா? 1985-இல் அமெரிக்காவில் ஒரு தேசியக் குழு, மருத்துவப் படிப்பில் ஊட்டச்சத்துக்குக் குறைந்தது 25 மணி நேரமாவது வேண்டும் என்று பரிந்துரைத்தது. கவனியுங்கள், பல வருடப் படிப்பில் 25 மணி நேரம்! நாங்கள் டாலி படிக்கவே அதைவிட அதிகம் உட்கார்ந்தோம். அதே நாட்டில் குடல், புற்றுநோய் சர்ஜன்களிடம் கேட்டு 2017-இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில், ஆபரேஷனுக்கு முன் ஊட்டச்சத்து முக்கியம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நோயாளிகளை அதற்காக முறையாகச் சோதிக்கும் வழக்கம் பாதிக்கும் குறைவான இடங்களில்தான் இருந்தது.

சர்ஜன்களுக்கு 'தெரியாது' என்பதைவிட, தெரிந்ததைச் செய்யவேண்டிய ஆள் யார் என்று முடிவாகவில்லை என்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. சர்ஜன் கட்டியைப் பார்க்கிறார். மயக்க டாக்டர் மூச்சைப் பார்க்கிறார். நர்ஸ் மருந்தைப் பார்க்கிறார். சாப்பாட்டை வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வாள். எங்கள் பில்லையும் பார்த்தேன். தையல் நூலுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. உடம்பைத் தேற்றியதற்கு ஒரு வரியும் இல்லை. கணக்கில் இல்லாத வேலை நடக்காது என்பது எங்கள் முதல் வருடப் பாடம்.

கடைசியாக

மிகவும் மெலிந்த நோயாளிக்குப் பெரிய ஆபரேஷன் என்றால், புற்றுநோய் ஆபரேஷனாக இருந்தாலும், 7 முதல் 14 நாள் தள்ளிவைத்துச் சத்துக் கொடுத்துவிட்டுச் செய்யலாம் என்று அந்த ஐரோப்பியச் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. தாத்தா வந்த நாளிலேயே மூக்குக் குழாயோ வயிற்றுக் குழாயோ போட்டு முட்டை, பால், பருப்பு என்று ஊற்றியிருக்கலாமா? அன்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. குழாய் போட்டால் முடிவு நெருங்கிவிட்டது என்று வேறு நினைத்தோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால் (வரவேண்டாம்), ஒரு நோட்டுப் போடுங்கள். வாரம் ஒரு நாள், அதே தராசில் எடை. தேதி போட்டு எழுதுங்கள். பழைய எடையில் 5 சதவீதம் குறைந்தால் அந்த நோட்டை டாக்டர் மேஜையில் வையுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் உள்ளே போகவேண்டும்? வாய் வழியாக முடியாவிட்டால் வேறு வழி என்ன? டயட்டீஷியன் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். 'லைட்டா' என்று பதில் வந்தால், லைட்டா என்றால் என்ன, எத்தனை டம்ளர், எத்தனை வேளை என்று திரும்பக் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இந்தப் பதிவை ஆயாவுக்குப் படித்துக் காட்டவில்லை. தான் ஊற்றிய தண்ணீரால்தான் என்று நினைத்துக்கொள்வாள். அது உண்மையும் இல்லை. ஃபைலை மறுபடி பரணில் வைத்துவிட்டேன். அந்த இரண்டு எண்களை மட்டும் என் நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டு, 12 என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பதிவு நீண்டுவிட்டது, மன்னிக்கவும். மருத்துவம் படிக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால், உங்கள் கல்லூரியில் இதை எத்தனை மணி நேரம் சொல்லித் தருகிறார்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.

அடுத்த பதிவில் சந்திப்போம்.